அடுப்படியில் மிதிக்காத இடம்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓரிடத்தை யாரும் மிதிப்பதில்லை. மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைத்ததும் இல்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறோம் என்பதே தெரியாமல் பல வருஷம் போய்விட்டது. எங்கிருந்தோ பிழைக்க வந்த ஒரு பெண் நடந்து காட்டித்தான் தெரிந்துகொண்டோம்.

அந்த இடத்தில் என் அம்மாவைப் புதைத்திருக்கிறோம்.

வெளியாட்கள் கேட்டால் அடுப்படியிலா என்பார்கள். எங்கள் காலனியில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். குமுளிப் பக்கம் ஆனைக்கரையிலிருந்து உள்ளே போகும் ஜீப் ரோட்டில், ஏலக்காட்டுக்கு நடுவே, பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் காலனி. தோட்டத்தில் வேலை இருந்தவரை லயத்தில் இருந்தோம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். வேலை ஓய்ந்தால் அறையை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒழித்து வந்தவர்கள் கட்டிக்கொண்டதுதான் இந்தக் காலனி. ஆளுக்கு ரெண்டு மூணு சென்ட். அதற்கும் பட்டயம், அதாவது பட்டா, இன்றுவரை கிடைக்கவில்லை. யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு மேட்டில் எங்களுக்குக் கல்லறைக்காடு இருந்தது. என் அப்பா அங்கேதான் இருக்கிறார். மரச் சிலுவை நட்டவர்களும் உண்டு, வெறும் கல்லை நட்டவர்களும் உண்டு. தோட்டம் கைமாறியது. புது முதலாளி வேலி போட்டார். சிலுவைகளும் கற்களும் எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த மழைக்கு அங்கே ஏலச்செடித் தட்டை நட்டார்கள். நன்றாக வளர்ந்தது. மற்றக் காடுகளைவிட நன்றாகவே வளர்ந்தது. என் மனைவி கூலிக்கு ஏலக்காய் எடுக்கிறவள். அந்த மேட்டில் எடுக்கச் சொன்னால் போய் எடுத்துத்தான் ஆக வேண்டும். மேலே அவளுடைய மாமனார், அதற்குக் கீழ் வரிசையில் அவளைப் பெற்றவர். குனிந்து தூரில் கைவிட்டுக் காயைப் பறிக்கும்போது என்ன நினைப்பாய் என்று ஒரு தடவை கேட்டேன். ஒன்றும் நினைப்பதில்லை, கை வேகமாக ஓடும் என்றாள்.

நான் காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவன். அந்த மேட்டுக் காய் வந்தால் சாக்கைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மணத்தில் வித்தியாசம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தெரியும்.

அம்மா போனது பெருமழையில். மலைப்பாதையில் மண் சரிந்து குமுளிக்கும் கம்பத்துக்கும் பஸ் இல்லை. இருந்திருந்தாலும் கீழே கொண்டுபோய் என்ன செய்வது? எங்கள் தாத்தா பிறந்த ஊர் அங்கே இருக்கிறது. அங்கே போனால் மலையாளத்தான் வந்திருக்கான் என்பார்கள். இங்கே இருந்தால் பாண்டி என்பார்கள். பெரிய பள்ளிக்கு, அதாவது மாதாகோயிலுக்கு, மதில் கட்டிய கல்லறைத் தோட்டம் உண்டு, அது அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களுக்கு. நாங்கள் சின்ன சபைக்காரர்கள். ஷீட் போட்ட வாடகைக் கொட்டகையில் ஆராதனை நடத்துகிறோம். உயிரோடிருப்பவர்கள் உட்காரவே அங்கே இடம் போதாது.

வீட்டைச் சுற்றிக் கடப்பாரை போட்டுப் பார்த்தோம். எங்கே குத்தினாலும் பாறை. அடுப்படித் தரை மட்டும்தான் இறங்கியது. பாஸ்டர் நனைந்த காலோடு நின்று ஜெபித்தார். குழிக்குள் ஊற்று கட்டியிருந்தது. அம்மாவைச் சிவப்புக் கரை போட்ட கோரைப்பாயில் சுருட்டித்தான் இறக்கினோம். பிறகு சிமெண்ட் பூசி மெழுகினோம். அடுப்பைப் பின்பக்கச் சாய்ப்புக்கு மாற்றினோம். அந்த அறையில் விறகும் அரிசிப் பானையும் வைத்தோம். பேர் மட்டும் அடுப்படி என்றே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பகலுக்கும் ஒரு இருட்டு உண்டு. மழை மாதங்களில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் உச்சிப்பொழுதிலும் வாசலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று வந்து நிற்கும். கதவைத் திறந்தால் ஆளைப்போல உள்ளே வரும். அந்த மாதங்களில் வீட்டுத் தரை முழுவதும் வியர்க்கும். அடுப்படியில் அந்த இடம் மட்டும் காய்ந்தே கிடக்கும். ஆள் ஒருச்சாய்ந்து படுத்திருந்து எழுந்து போன மாதிரி. நான் அதைப் பார்ப்பேன். மனைவியும் பார்ப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு கை மிகவும் முடையாக இருந்தது. அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு ஷீட் கொட்டகை இறக்கி வாடகைக்கு விட்டோம். ஜார்க்கண்ட் பக்கத்துப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கான்ட்ராக்டர் மூலம் காட்டுவேலைக்கு வந்தவர்கள். சர்க்கார் இவர்களுக்கு அதிதித் தொழிலாளி என்று பேர் வைத்திருக்கிறது. விருந்தாளி என்று அர்த்தம். காலனியில் எல்லாருக்கும் ஒரே பேர்தான், பெங்காளி. எந்த ஊரில் பிறந்திருந்தாலும் பெங்காளி. வேலையெல்லாம் இவங்களுக்கே போய்விட்டது என்று காலனியில் முணுமுணுப்பும் இருந்தது. என் தாத்தாவும் பாட்டியும் ஒரு மூட்டையோடு இந்த மலை ஏறி வந்தபோது இங்கிருந்தவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவன் மருந்தடிக்கப் போவான். வாய் திறக்க மாட்டான். அவள் காய் எடுக்கப் போகும் பெண்களிடமிருந்து தமிழும் மலையாளமும் கலந்து பிடித்துக்கொண்டாள். என் மனைவியைத் தீதி என்பாள். அவர்கள் பாஷையில் அக்கா. என்னை மலையாளத்தார் மாதிரி சேட்டா என்பாள், அண்ணன். தண்ணீர்க் குழாய் எங்கள் வாசலில் இருப்பதால் அடுப்படி வழியாகத்தான் குடம் தூக்கிப் போவாள். வந்து கொஞ்ச நாளில் அவள் மாசமாக இருப்பது தெரிந்தது.

ஒரு நாள், அடுப்படிச் சுவர் பொரிந்து உதிர்கிறதே, பூசித் தரட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். இவளும் சாணி மெழுகுவது மாதிரி ஏதோ என்று நினைத்துச் சரி என்றிருக்கிறாள். ஓடையிலிருந்து கறுப்பு மண் கொண்டுவந்து பூசிக் காயவிட்டாள். ரோடு வெட்டிய மேட்டிலிருந்து வெள்ளை மண் தோண்டி வந்து கரைத்து அதன்மேல் பூசினாள். ஈரம் காய்வதற்குள் உடைந்த சீப்பாலும் விரலாலும் சுரண்ட ஆரம்பித்தாள். வெள்ளையைச் சுரண்டச் சுரண்ட அடியிலிருந்த கறுப்பு கோடாக வெளியே வந்தது. நாம் வரைவது போல மேலே ஒன்றைப் போடுவதில்லை. உள்ளே இருப்பதைத் திறந்து காட்டுவது. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் அறுப்புக்கும் பெண்கள் வீட்டுச் சுவரில் இப்படித்தான் செய்வார்களாம்.

ஸ்டோரிலிருந்து சாயங்காலம் வந்து பார்த்தேன். சுவரில் மீன் இருந்தது, பெரணி இலை இருந்தது, கொம்பு வைத்த மாடு ஒன்று இருந்தது. அவற்றுக்கு நடுவே, தரையைத் தொட்டபடி, பெரிதாக ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். முகத்தில் மூக்கு உண்டு, வாய் உண்டு. கண் இல்லை.

அம்மாவைப் புதைத்த இடத்துக்கு நேரே இருந்தது அந்தச் சுவர்.

என் அம்மா கடைசி வருஷங்களில் காய் எடுக்க முடியாமல் ஆனபோது தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகையைப் பார்க்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அம்மா காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, காலை ஆட்டி ஆட்டித் தூங்க வைப்பாள். இது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

என் மனைவியைக் கேட்டேன். அவள் இல்லை என்றாள். கோபத்தோடும் பயத்தோடும் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, இங்கே ஆள் இருப்பதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் பதறவில்லை.

"யாரும் சொல்லல சேட்டா. நீங்க நடக்கிறது பாத்தேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலிருந்து சாய்ப்புக் கதவுவரை நடந்து காட்டினாள். முதலில் என்னைப் போலக் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். பிறகு என் மனைவியைப் போல வேகமாக. இரண்டு தடவையும் நேராகப் போகவில்லை. நடு அறையில், காலியாகக் கிடக்கிற தரையில், எதையோ சுற்றிக்கொண்டு போனாள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். எங்கள் கால் பட்டுப் பட்டுச் சிமெண்ட் ஒரு வளைவாக வழுவழுப்பு ஏறியிருந்தது. நடுவில் பூசின அன்றைக்கு இருந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது.

"எங்க ஊர்லயும் அடுப்படியிலதான் இருக்கும்," என்றாள். "செத்தவங்க. வெளிய விட மாட்டோம். கூட்டிட்டு வந்து அடுப்புகிட்ட வெப்போம். மொத சோறு அவங்களுக்கு."

எங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் நடந்த ஒன்றை, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்து வைத்த ஒன்றை, அவள் ஏதோ பெரிய வீட்டு வழக்கம் போலச் சொன்னாள். கண் ஏன் வைக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"கண் வெச்சா பாக்கும். நீங்க பயப்படும்."

உள்ளதைச் சொல்கிறேன், கண் இல்லாததே எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விறகு எடுக்கப் போனால் முதுகு கூசும். என் மனைவி சிரிப்பாள். "உசுரோட இருக்கையில ஒங்கம்மா என்னைய ஒரு நாளும் நல்லபடியாப் பாத்ததில்ல. இப்பக் கண்ணே இல்லாம நான் அரிசி அளக்கிறத பாத்துக்கிட்டு இருக்காக," என்பாள். சிரித்தாலும் அவளும் அந்த அறையில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் வேலை செய்தாள். உயிரோடிருந்த மாமியார் முன்னால் நின்றது போல.

மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வருவார். வாரம் முழுக்க ஆட்டோ ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுகிறவர். அவரும் எங்களைப் போல லயத்தில் பிறந்தவர்தான். தண்ணீர் குடிக்க எழுந்தவர் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். எங்கள் சபையில் படம் வைக்க மாட்டோம், சிலை வைக்க மாட்டோம். வசனம் எழுதின காலண்டர் மட்டும்தான் சுவரில் தொங்கும். அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் சொன்னார்.

"பிரதர், அம்மாவ ஆண்டவர் கையில குடுத்தோம். செவுத்துல குடுக்கல."

சரியான வார்த்தைதான். நான் விசுவாசி. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் விக்கிரகம் என்று ஒன்று நுழைந்ததில்லை. மறுநாளே ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கி வந்தேன். என் மனைவி வாசலிலேயே மறித்தாள். பிள்ளைத்தாச்சி கையால் போட்டது, அவள் பெற்றுப் பிழைக்கட்டும், அதுவரை விட்டுவிடுங்கள் என்றாள். சுண்ணாம்பு மூட்டையைச் சாய்ப்பில் போட்டேன்.

கீழ்வீட்டு மதினி ஒரு நாள் உப்புக் கேட்டு வந்தவள் படத்தைப் பார்த்தாள். அவள் வாய்க்குக் காலனியே பயப்படும். "ஒன் மாமியா பிள்ளயக் கேட்டுல்ல மடிய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா," என்று சொல்லிவிட்டு உப்பையும் வாங்காமல் போனாள். அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பெண் காதில் விழுந்ததா என்று தெரியாது. அன்றைக்குக் கொட்டகையில் வெகு நேரம் அவள் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. மாதம் நிறையவில்லை. பாஸ்டருடைய ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நர்ஸுகள் முகம் கோணாமல் பார்த்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை. ஒரு பகல் மூச்சு வாங்கிக் கிடந்தது. மறுநாள் மூச்சு நின்றுவிட்டது.

அதற்கு மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியில் அடங்கி இருக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். மூன்று பேரும் பாஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மூன்றாவது ஆள் அவன் தோளில் போடும் கட்டம்போட்ட துண்டுக்குள் இருந்தது. மஞ்சு அப்படி இறங்கியிருந்தது. ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது, ஆட்டோ தெரியவில்லை. பிறகு அவன் முதலில் மஞ்சுக்குள்ளிருந்து வந்து எங்கள் படியில் உட்கார்ந்தான். மடியில் துண்டு. அதற்குள் அவ்வளவு சின்னதாக ஒன்று இருக்க முடியும் என்று நம்ப முடியவில்லை.

எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நானும் பாஸ்டரும் போன் போட ஆரம்பித்தோம். கான்ட்ராக்டர், தோட்டத்துக்குள் ஒன்றும் செய்துவிடாதீர்கள், தன் பிழைப்பு போய்விடும் என்றார். பழைய கல்லறைக்காட்டு வேலிக்குக் காவல் இருப்பவன் எங்கள் லயத்துப் பையன்தான். அவன் அழுதேவிட்டான், ஆனால் கேமரா வைத்திருக்கிறார்களாம். பெரிய பள்ளியில் பாதிரியாரை, அவர்கள் அச்சனை, கேட்க வேண்டும், அவர் ஊரில் இல்லை என்றார்கள். பஞ்சாயத்து மெம்பர், கீழே டவுனில் பொதுச் சுடுகாடு உண்டு, அந்தப் பக்கம் மண் சரிந்து மூடின ரோடு திறந்ததும் வண்டி ஏற்பாடு பண்ணலாம் என்றார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எல்லாரும் வேறு ஓரிடத்தைச் சொன்னார்கள். அவன் படியிலேயே உட்கார்ந்திருந்தான். துண்டின் மேல் மஞ்சு பொடிப்பொடியாகக் கோத்து நின்றது. அதை அவ்வப்போது கையால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

படிக்குக் கீழே நின்றிருந்த அந்தப் பெண் எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள். கையைத் தரைப்பக்கம் நீட்டினாள்.

"அம்மா கிட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவுக்குத் தோண்டினபோது எனக்கு வேறு வழியில்லை, அது என் அம்மா. இது வேறு ஊர், வேறு பாஷை, வேறு சாமி. பட்டயம் இல்லாத வீடு. முணுமுணுக்கிறவர்களில் ஒருவர் போலீசுக்குச் சொன்னால் போதும், வயசான காலத்தில் நாங்கள் இருவரும் ரோட்டில். இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தத் தரையைத் திரும்பத் திறந்தால் என்ன தெரியுமோ என்ற பயம்.

நான் பாஸ்டரைப் பார்த்தேன். வேண்டாம் பிரதர் என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டின காலையும், அதன்மேல் கிடந்த பிள்ளையையும்.

என் மனைவி அதற்குள் அரிசிப் பானையை நகர்த்திவிட்டாள். விறகை அள்ளிச் சாய்ப்பில் போட்டாள். கடப்பாரையை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். "பிள்ளய எம்புட்டு நேரம் மழையில வெச்சிருப்பீக?" என்றாள். மழை பெய்யவில்லை. மஞ்சுதான். ஆனால் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வாசலில் முழங்கால் போட்டார். "நான் ஒண்ணும் பாக்கல பிரதர். கண்ண மூடி ஜெபிக்கேன்," என்றார். கடைசிவரை திறக்கவில்லை.

சுவர் ஓரமாக, அம்மாவுக்குப் பக்கத்தில் இடித்தேன். சிமெண்ட் பெயர்ந்தது. அம்மாவைப் புதைத்த அன்று சேறாக ஊறிக்கிடந்த மண், வெளியே ஊரே நனைந்துகொண்டிருக்கும்போது, காய்ந்து பொலபொலவென்று வந்தது. கையில் எடுத்தால் இளஞ்சூடு. அடுப்பு அந்த இடத்தைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தச் சூட்டை இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை; விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை. ஒரு முழம் போயிருக்கும். கையில் ஏதோ தட்டுப்பட்டது. கோரைப்பாயின் கரை. சிவப்பு கொஞ்சம்கூட மங்காமல், அன்றைக்குக் கடையில் வாங்கினது போல இருந்தது.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அதற்குமேல் ஆழம் வேண்டாம், அதுவே போதும் என்றாள் என் மனைவி. தன் பெட்டியிலிருந்து அம்மாவின் பழைய நூல்சேலையைக் கிழித்துக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றினாள். அவன் இறக்கிவைத்தான். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை, அவனாக வைத்தான். மண் தள்ளும்போதுதான் சுவரைப் பார்த்தேன். படத்தில் பிள்ளை கிடந்த மாதிரியே இதுவும் கிடந்தது.

நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். அந்தப் பெண் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். என் மனைவி ஜெபமும் சொல்லவில்லை, அழவும் இல்லை. அம்மா பிள்ளைக் கொட்டகையில் முனகுகிற தாலாட்டு ஒன்று உண்டு, சொல்லே இல்லாத வெறும் ராகம். மாமியாரைக் கேலி பண்ணுவதற்காக மட்டும் அதை முனகுகிறவள், அன்றைக்கு அதை முனகிக்கொண்டே தரையை மெழுகினாள்.

கீழ்வீட்டு மதினி பார்த்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து ஊர் முழுக்கப் போகும் என்று நான் பயந்து கிடந்தேன். சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு மேடு இருக்கிறது.

காய் எடுப்பு முடிந்ததும் கான்ட்ராக்டர் ஆட்களை வேறு மலைக்கு மாற்றினார். போகிற அன்று காலையில் அவள் அடுப்படிக்கு வந்தாள். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். சுவரைத் தண்ணீர் தொட்டு நனைத்து, முகத்தில் இரண்டு இடத்தில் நிதானமாகச் சுரண்டினாள். நான் வாசலில் நின்றிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.

"இப்ப பாக்கணும் சேட்டா," என்றாள் திரும்பாமலே. "இப்ப பிள்ள இருக்கு."

அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. நேராக நம்மைப் பார்க்கும் என்று பயந்திருந்தேன். அது கீழே, காலடியைப் பார்த்தது.

அவர்கள் போய்ச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. குமுளியில் ஜீப் ஓட்டும் ஒருவன் எப்படியோ கேள்விப்பட்டு வந்தான். டூரிஸ்டுகளைக் கூட்டிவந்து காட்டலாம், இந்த மாதிரிச் சுவருக்கு வெளிநாட்டுக்காரர்கள் நல்ல காசு கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றான். அன்றைக்கு வீட்டில் அரிசி வாங்கவே யோசித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி அவனுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்து, சுவர் இடிந்துபோச்சு தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொய் சொல்வது பாவம் என்று என்னைவிட அதிகம் பயப்படுகிறவள் அவள். அன்றைக்கு அப்படிச் சொன்னாள்.

சுண்ணாம்பு மூட்டை சாய்ப்பிலேயே ஈரம் குடித்துக் கல்லாக இறுகிவிட்டது. இப்போது அதன்மேல்தான் கால் வைத்துப் பரணில் சாமான் எடுக்கிறோம். பாஸ்டர் மாதாமாதம் வருகிறார். ஜெபம் முடிந்ததும் தண்ணீர் கேட்பார். எழுந்து போக மாட்டார், நாங்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மழையில் சுவரோரம் வெள்ளை மண் உதிர்ந்தால் என் மனைவி ரோட்டு மேட்டிலிருந்து தோண்டிவந்து கரைத்துத் தடவுகிறாள். மீனும் மாடும் போய்விட்டன. அவளுக்கு அவை வரவில்லை. உட்கார்ந்திருப்பவளையும் காலில் கிடக்கும் பிள்ளையையும் மட்டும் விரலால் திரும்பத் திரும்பத் திறந்துவிடுகிறாள். நாங்கள் நடக்கும் வளைவு இப்போது முன்னைவிட அகலமாகிவிட்டது. சிமெண்டில் புது வழுவழுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண் எப்போதாவது போன் பண்ணுவாள். எந்த மலையில் இருக்கிறாளோ, பின்னால் காற்று இரையும். சுகம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தீதி, அம்மா பாக்குதா?"

என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டாள். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து அடுப்படிக்குள் போவாள். நான் வெளியே காத்திருப்பேன்.

பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"பாக்குறாக."